பக்கி, ஆட்டோ பக்கி, பக்கியாட்

இடுப்புக்கு மேல் எழும்பும் மரச்சக்கரங்கள். அவற்றின் மேல் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் தோல் இருக்கை, வெயிலுக்கு மடக்குக் கூரை. குதிரையும் இல்லை, அதைப் பூட்டும் ஏர்க்காலும் இல்லை. முன்னால் எஞ்சின் இருப்பதற்கான அடையாளமும் கிடையாது. இருக்கையில் இருப்பவர் மட்டும் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிற தோரணையில் கேமராவைப் பார்க்கிறார். இல்லினாய், இண்டியானா, ஒஹாயோ, அயோவா என்று அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பழைய ஆல்பங்களைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த மாதிரிப் படம் புதிதல்ல. பின்பக்கம் யாராவது பென்சிலால் ‘எங்கள் முதல் கார்’ என்று எழுதியிருந்தால் அதுவே பெரிய விஷயம். யார் செய்த கார், எந்த வருடத்துக் கார் என்பதெல்லாம் பார்க்கிறவர் பாடு.

பழைய கார் ஆர்வலர்கள் இந்த வகைக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஹை வீலர்’. உயரச் சக்கரக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். பொருத்தமான பெயர்தான். ஆனால் வண்டியை விற்றவர்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டது வேறு பெயர். சக்கரம் உயரம் என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் குட்டைச் சக்கர வண்டி ஒன்று நிற்க வேண்டும்; அதுதான் சாதாரணம் என்று ஊர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகுதான் பழையதற்கு இப்படி ஓர் அடைமொழி ஒட்டும். சைக்கிளுக்கும் இது நடந்தது. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வந்து, இரண்டு சக்கரமும் ஒரே அளவாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று ஆனதும், முன்சக்கரம் ராட்சசமாக இருந்த பழைய சைக்கிளைத் தனியாகச் சுட்டப் பெயர் தேவைப்பட்டது. முதலில் அதைச் ‘சாதாரண சைக்கிள்’ என்றார்கள். கொஞ்ச நாளில் சாதாரணம் எது என்பதே மாறிவிட்டது. பிரிட்டனின் பெரிய செப்புக்காசும் சின்னச் செப்புக்காசும் சேர்ந்த ‘பென்னி ஃபார்த்திங்’ என்ற கேலிப்பெயர் அதற்கப்புறம் வந்ததுதான்.

ஆகவே படத்தை அடையாளம் காண ஹை வீலர் என்ற சொல் அவ்வளவாக உதவாது. உதவுவது அந்த வண்டி பிறந்தபோது வைத்த பெயர்: பக்கி. மோட்டார் பக்கி, ஆட்டோ பக்கி, இன்னும் பல பக்கிகள்.

பக்கி என்றதும் நமக்கு வேறு ஞாபகம் வரும். ‘அலையாதே பக்கி’ என்று சாப்பாட்டில் பறக்கிற பிள்ளையைத் திட்டுவோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஆங்கிலத்தில் 1773 முதல் பதிவாகியிருக்கும் சொல். ஒன்றிரண்டு பேர் உட்காரக்கூடிய, ஒற்றைக் குதிரை இழுக்கும் இலகுவான வண்டி. சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அகராதிகள் கைவிரித்துவிடுகின்றன. வேர் தெரியாத சொல் என்றே போட்டிருக்கிறார்கள். இந்தியில் ‘பக்கி’ என்று வழங்குவதால் நம் பக்கத்துச் சொல்லோ என்ற ஐயம் எழுவது இயல்பு. இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய சொற்களைத் திரட்டி 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலும் பக்கிக்கு ஒரு பதிவு உண்டு. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். அந்த அகராதி காட்டும் இந்திய பக்கி, கூரை போட்ட இரண்டு சக்கர வண்டி. தில்லியில் குடியரசுத் தலைவர் ஏறி வருகிற வண்டிக்கும் பக்கி என்றுதான் பெயர். நம் பத்திரிகைகள் அதைச் சாரட் ஆக்கிவிடுகின்றன.

அமெரிக்காவில் பக்கி நான்கு சக்கரமாயிற்று. இங்கிலாந்துக்காரருக்கு இரண்டு சக்கரம், அமெரிக்கருக்கு நான்கு. சொல் ஒன்று, உருவம் இரண்டு. அமெரிக்க பக்கி விவசாயியின் வண்டி, டாக்டரின் வண்டி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் வண்டி. தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் செய்து, தபால் பட்டியல் வழியாகவே விற்றார்கள். மலிவு, பரிச்சயம், மரியாதை மூன்றையும் சேர்த்து நினைவுபடுத்துகிற சொல் அது. இதை மறந்தால் 1907 வாக்கில் வந்த விளம்பரங்கள் புரியாது.

அதற்கு முன்பே குதிரையில்லா வண்டிக்கு என்ன பெயர் என்று ஒரு பெரிய தகராறு நடந்து முடிந்திருந்தது. 1895-இல் சிகாகோவின் ‘டைம்ஸ்-ஹெரால்டு’ பத்திரிகை, எஞ்சின் வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்ததோடு, அந்த வண்டிக்குப் பெயர் சொல்லுங்கள் என்று இன்னொரு போட்டியும் வைத்தது. வென்ற பெயர் ‘மோட்டோசைக்கிள்’. பந்தயம் நவம்பர் 28, நன்றி நவிலும் நாளன்று நடந்தது. பனி கொட்டிக் கிடந்த தெருவில் சிகாகோவிலிருந்து எவன்ஸ்டன் போய்த் திரும்ப வேண்டும். சுமார் 54 மைல். முடித்தவை இரண்டே வண்டிகள். முதலாவதாக வந்தது டுரியே சகோதரர்களின் வண்டி. ஓட்டியவர் இளையவர் ஃபிராங்க். இரண்டாவதாக வந்த பென்ஸ் வண்டியின் ஓட்டுநர் வழியிலேயே மயங்கிவிட, கூடப் போன நடுவர் சார்லஸ் கிங் ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். பந்தயம் வரலாறாயிற்று, பரிசுப் பெயர் காணாமல் போயிற்று. அதே மாதம் வெளிவரத் தொடங்கிய பத்திரிகை ஒன்று ‘ஹார்ஸ்லெஸ் ஏஜ்’, அதாவது குதிரையற்ற காலம், என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. வண்டிக்குப் பெயர் கிடைக்காவிட்டால் இல்லாத குதிரையை வைத்தாவது காலத்துக்குப் பெயர் வைத்துவிடலாம்!

பிறகு பிரெஞ்சிலிருந்து ‘ஆட்டோமொபீல்’ வந்தது. பாதி கிரேக்கம், பாதி லத்தீன். 1899 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கம் ஒன்று, இந்தக் கலப்புச் சொல்லை அச்சில் போடவே கூசுகிறது என்கிற தொனியில் எழுதியது. கூசினாலும் சொல் நின்றுவிட்டது. எதற்கும் வண்டி என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்தக் கூச்சல் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் தெரியும்.

இனி சக்கரத்துக்கு வருவோம். 1890-களின் அமெரிக்க எஞ்சின் வண்டிகள் பெரும்பாலும் குதிரை வண்டியின் உடலில் எஞ்சினை ஒளித்து வைத்தவைதான். 1893-இல் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் டுரியே சகோதரர்கள் ஓட்டிப் பார்த்தது, பழைய பக்கி ஒன்றை வாங்கி அதில் எஞ்சின் பொருத்திய வண்டி. அப்போது உயரச் சக்கரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. வண்டி என்றால் சக்கரம் அப்படித்தான். நூற்றாண்டு திரும்பியதும் நிலைமை மாறியது. 1901-இன் ஓல்ட்ஸ்மொபீல் 28 அங்குலச் சக்கரத்தில், காற்றடைத்த டயரில் வந்தது. பிரான்சிலிருந்து எஞ்சினை முன்னால் வைக்கும் முறை பரவியது. 1905 வாக்கில் நகரத்துக் கார் என்றால் முன்னால் மூடி, அதன் பின்னால் ஸ்டீயரிங் சக்கரம், தாழ்ந்த டயர் என்று ஏறக்குறைய ஒரு வடிவம் ஏற்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகு மறுபடி உயரச் சக்கரம் வந்தது என்பதுதான் படம் பார்ப்பவரைத் தடுமாற வைக்கும் இடம். படத்தில் பக்கிச் சக்கரம் தெரிந்ததும் ‘1895 இருக்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது 1909 ஆக இருக்கும். மீண்டு வந்ததற்குக் காரணம் பாதை. நடுமேற்கின் மண்பாதையில் மழை பெய்தால் வண்டித்தடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிவிடும்; நடுவில் மேடு நிற்கும். தாழ்ந்த கார் அந்த மேட்டில் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். 40, 44 அங்குலச் சக்கரம் அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். தடத்தின் அகலமும் முக்கியம். வழக்கமான இடைவெளி 56 அங்குலம். தெற்கு மாநிலங்களில் மாட்டு வண்டி, குதிரை வண்டித் தடம் 60 அங்குலம். தெற்கே விற்க வேண்டுமானால் அந்த அகலத்திலும் வண்டி செய்து தர வேண்டும். தவிர, காற்றடைத்த டயர் அன்றைக்குப் பெருஞ்செலவு. பஞ்சர் ஒட்டுவதற்கே பாதி நாள் போகும். கட்டி ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆளைத் தூக்கிப் போடும் என்பதைத் தவிர.

சிகாகோவின் ஹென்றி ஹோல்ஸ்மன் இந்தப் பாதையை முதலில் கண்டவர்களில் ஒருவர். தொழிலால் கட்டடக் கலைஞர். 1900-களின் தொடக்கத்திலேயே அவர் உயரச் சக்கர வண்டி விற்கத் தொடங்கிவிட்டார். 1907-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் இறங்கியது. மெக்கார்மிக், டீரிங் முதலிய அறுவடை இயந்திரக் கம்பெனிகள் 1902-இல் ஒன்றுசேர்ந்து உண்டான நிறுவனம் அது. சின்ன ஊர்களிலும் அதற்கு ஏஜென்ட் உண்டு. எட்வர்டு ஜான்ஸ்டன் வடிவமைத்த அதன் வண்டி சிகாகோவில் தொடங்கி, ஒஹாயோவின் அக்ரனுக்கு இடம் மாறியது. எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர், காற்றாலேயே குளிரும் எஞ்சின், பின்சக்கரத்துக்குச் சங்கிலி. பெயர் ‘ஆட்டோ பக்கி’. அடுத்து தபால் பட்டியல் வியாபாரி சியர்ஸ் ரோபக். ஆல்வாரோ க்ரோட்ஸ் வடிவமைத்த ‘சியர்ஸ் மோட்டார் பக்கி’ 395 டாலர் விலையில் வந்தது. பட்டியலைப் பார்த்துப் பணம் அனுப்பினால் ரயிலில் பெட்டியாக வந்து இறங்கும். சக்கரத்தை மாட்டி ஓட்டிக்கொள்ள வேண்டியது. 1912 வரை சுமார் 3,500 வண்டிகள் விற்றன.

இவை பெரிய பெயர்கள். சின்னப் பெயர்கள்தான் எனக்குப் பிடித்தவை. பக்கி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் எதையாவது ஒட்டி ஆளுக்கொரு பெயர் செய்தார்கள். சின்சினாட்டியில் ‘பக்கிகார்’. ஒஹாயோவின் மியாமிஸ்பர்க்கில் ஹாட்ஃபீல்டு ‘பக்கிஅபவுட்’. ‘ரன்அபவுட்’ என்ற வண்டிப் பெயரில் பாதியை வெட்டி ஒட்டியது. நார்வாக்கில் ‘ஆட்டோ-பக்’; இதில் பக்கி சுருங்கிப் பூச்சியாகிவிட்டது, செய்தவர்கள் அதைக் கவனித்துத்தான் வைத்தார்களோ என்னவோ. எல்லாவற்றுக்கும் மேலே, 1893-இல் பழைய பக்கியில் எஞ்சின் வைத்த அதே சார்லஸ் டுரியே, பதினைந்து வருடம் கழித்துப் பென்சில்வேனியாவின் ரெடிங்கில் உயரச் சக்கர வண்டி செய்து அதற்கு ‘பக்கியாட்’ என்று பெயர் வைத்தார். ஊரெல்லாம் ஆட்டோ பக்கி என்றால் இவர் அதைத் திருப்பிப் போட்டார். மோட்டோசைக்கிள் பந்தயத்தில் வென்ற வண்டியைச் செய்தவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் பக்கிதான். இதைத் தோல்வி என்று எழுதும் கார் வரலாறுகள் உண்டு. எனக்கு அது பிடிவாதம் என்றே படுகிறது. கார் என்பது சாதாரண ஜனம் வாங்கக்கூடிய இலகுவான வண்டியாக இருக்க வேண்டும் என்பதில் மனிதர் கடைசிவரை இறங்கி வரவில்லை.

இந்தப் பெயர்க்கூட்டத்தில் பக்கி முன்னால் நின்றதற்குக் காரணம் வியாபாரம். ஆட்டோமொபைல் என்றால் விவசாயி மனதில் எழுவது நகரத்துப் பணக்காரன், தூசி கிளப்பிக் குதிரையை மிரட்டிவிட்டுப் போகிறவன். பக்கி அவன் கொட்டகையில் ஏற்கனவே நிற்கிறது. பக்கி செய்த கம்பெனிகளுக்கும் இது வசதி. மரம் இழைக்கிற தச்சன், தோல் தைக்கிறவன், வர்ணம் பூசுகிறவன் எல்லாரும் கையில் இருந்தார்கள். வெளியிலிருந்து வாங்க வேண்டியது எஞ்சினும் சங்கிலியும்தான். ஆகவே படத்தில் தெரிவது பாதிக்கு மேல் குதிரை வண்டிப் பட்டறையின் வேலை. அதைப் படிக்க வண்டித் தச்சரின் கண் வேண்டும்.

முதலில் குடத்தைப் பார்க்க வேண்டும். நம் மாட்டு வண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை, அதைச் சுற்றி இரும்புப் பட்டா என்று இருக்கும். அமெரிக்க பக்கிச் சக்கரமும் அதே குலம். ஆனால் அங்கே 1857-இல் ஜேம்ஸ் சார்வன் ஒரு குடத்துக்கு உரிமை பெற்றார். மரக்குடத்தின் இருபுறமும் இரும்பு வளையத் தட்டு. தட்டுகளுக்கு நடுவே ஆரக்கால்களின் அடிப்பகுதி ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். தட்டையும் அடியையும் சேர்த்து ஆணி அடித்திருக்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் மரக்குடத்தின் மூக்கு வெளியே நீண்டிருப்பதும், அதைச் சுற்றி ஆணித்தலைகள் வட்டமாக நிற்பதும் தெரியும். இது தெரிந்தால் சக்கரம் வண்டிப் பட்டறைச் சரக்கு. மாறாக, ஆரக்கால்களின் அடி ஆப்பு வடிவில் ஒன்றோடொன்று பொருந்தி, நடுவில் உலோகத் தட்டு போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அது பீரங்கி வண்டி வகைச் சக்கரம். கார்த் தொழிற்சாலைகள் விரும்பியது அதைத்தான். குடத்தின் வாயில் பித்தளை மூடி இருந்து, அதில் எழுத்து தெரிந்தால் வேலை முடிந்தது. பெரும்பாலும் சேறு அப்பியிருக்கும்.

அடுத்தது முன்பலகை. குதிரையின் குளம்பு தெறிக்கும் சேற்றைத் தடுக்க வண்டியின் முன்னால் நின்ற தோல் பலகைக்கு டேஷ்போர்டு என்று பெயர். டேஷ் என்றால் தெறிப்பது. நம் கார்களில் மீட்டர் இருக்கும் பலகைக்கு அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மோட்டார் பக்கியில் குளம்பும் இல்லை, தெறிப்பும் இல்லை, பலகை மட்டும் அப்படியே நிற்கும். அது நிமிர்ந்து நிற்கிறதா, முன்பக்கம் சாய்கிறதா, மேலே சுருள்கிறதா என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். இருக்கையின் கைப்பிடிக் கம்பி, மடக்குக் கூரையின் விலாக்கம்பு எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் இதையே சொல்லலாம். ஆனால் கூரையை மட்டும் நம்பிப் பெயர் சொல்லிவிடக் கூடாது. அது தனியே விலைக்கு வாங்கி மாட்டிய சரக்காக இருக்கலாம்.

பிறகு திருப்பும் கருவி. சியர்ஸ் கடைசிவரை தண்டுதான். ஹார்வெஸ்டர் ஆட்டோ பக்கியில் வலப்பக்கம் ஸ்டீயரிங் சக்கரம். சின்சினாட்டியின் ஷாக்ட் கம்பெனி முன்னால் மூடி ஒன்றை வைத்து, ஸ்டீயரிங் சக்கரமும் வைத்து, நகரத்துக் கார் போலக் காட்டியது. எஞ்சின் மட்டும் இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. மூடியைப் பார்த்துவிட்டு ‘இது ஹை வீலர் இல்லை’ என்று தள்ளிவிடுகிறவர்கள் சக்கரத்தைப் பார்க்க மறந்தவர்கள். வலமா இடமா என்பதை வைத்து முடிவு சொல்லும் முன் நெகட்டிவ் திருப்பிப் போட்டு அச்சடித்ததா என்றும் பார்க்க வேண்டும். பின்னால் கடைப் பலகை இருந்தால் எழுத்து காட்டிக்கொடுக்கும்; இல்லையென்றால் ஆண்களின் கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்க்கலாம்.

ஹோல்ஸ்மன் வண்டியைக் கண்டுபிடிப்பது இவற்றில் எல்லாம் சுலபம். கயிறு! பெட்டியின் அடியில் சின்னக் கப்பி, பின்சக்கரத்தின் ஆரக்கால்களில் பிணைத்த பெரிய வளையக் கப்பி, இரண்டுக்கும் நடுவில் கயிறு. மற்றவர்கள் சங்கிலி போட்ட இடத்தில் இவர் கயிறு போட்டார். ஈரத்தில் அது நனையும், வழுக்கும், தேயும் என்று மற்றவர்கள் குறை சொல்லாமல் இருந்திருப்பார்களா? ஆனால் சத்தமில்லாத வண்டி. அறுந்தால் விவசாயியே மாற்றிக்கொள்ளலாம்.

படம் எடுத்த தாளும் சாட்சி சொல்லும். கோடாக் கம்பெனி 1903-இல் அஞ்சலட்டை அளவிலேயே நெகட்டிவ் விழும் மடக்குக் கேமராவை, 3ஏ என்ற பெயரில், விற்பனைக்குக் கொண்டுவந்தது. வீட்டு வாசலில் எடுத்த படத்தை அப்படியே அட்டையாக அச்சடித்துத் தபாலில் போடலாம். 1907 மார்ச் 1 முதல் அமெரிக்கத் தபால்துறை அட்டையின் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒருபுறம் முகவரியும் மறுபுறம் சேதியும் எழுத அனுமதித்தது. மோட்டார் பக்கி கிராமங்களுக்குள் நுழைந்ததும் அதே வருடங்களில். அதனால்தான் இவ்வளவு படம் மிஞ்சியிருக்கிறது. பின்பக்கம் நடுக்கோடு இருந்தால் 1895 என்ற பேச்சுக்கே இடமில்லை. தபால்தலை ஒட்டும் கட்டத்தில் ‘அசோ’ என்ற பெயரும் நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணமும் இருந்தால் 1904-க்கும் 1918-க்கும் இடைப்பட்ட தாள் என்பது அட்டை சேகரிப்பவர்களின் கணக்கு. எண் பலகையும் அப்படித்தான். நியூயார்க்கில் 1901-இல் உரிமையாளர் தன் பெயரின் முதலெழுத்துகளைத் தானே எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸ் 1903-இல் அரசே பீங்கான் பூச்சுப் பலகை கொடுத்தது. தோல் துண்டில் எண் தைத்துத் தொங்கினால் ஒரு காலம், பூச்சுத் தகடு என்றால் இன்னொரு காலம்.

இவ்வளவும் பார்த்து வண்டி எது என்று தெரிந்த பிறகும் பெயர் சிக்கல் தீராது. ‘ரிலையபிள் டேட்டன்’ என்று படத்தின் கீழ் இருந்தால் ஒஹாயோவின் டேட்டன் நகரத்தைத் தேடிப் போகக் கூடாது. வண்டி சிகாகோவில் செய்தது, டேட்டன் என்பது வடிவமைத்தவரின் குடும்பப் பெயர். ‘பிளாக் குரோ’ என்ற கார் ஒன்று உண்டு; கருங்காக்கை என்று அழகாக மொழிபெயர்த்துவிடலாம். விற்றது சிகாகோவின் பிளாக் கம்பெனி, செய்தது எல்க்கார்ட்டின் குரோ கம்பெனி, காக்கையே கிடையாது. அந்த பிளாக் கம்பெனி முதலில் செய்து விற்றதும் ஒரு மோட்டார் பக்கிதான்.

இண்டியானாவின் ஆபர்ன் ஊர்க் கதை இன்னும் குழப்பம். கிப்லிங்கர் என்ற பக்கிக் கம்பெனி 1907-இல் மோட்டார் பக்கி செய்ய ஆரம்பித்தது. 1909-இல் கம்பெனி மெக்கின்டயர் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. வண்டி ஏறக்குறைய பழையதே. கனடாவின் ஒரில்லியா ஊரில் டட்ஹோப் என்ற வண்டிக் கம்பெனி மெக்கின்டயர் பாகங்களை வாங்கி டட்ஹோப்-மெக்கின்டயர் என்று விற்றது. 1909-இல் அதன் தொழிற்சாலை தீக்கிரையானதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது. ஒன்டாரியோப் பண்ணையொன்றின் முன்னால் எடுத்த படத்தை இண்டியானாக்காரர் மெக்கின்டயர் என்பார், கனடாக்காரர் டட்ஹோப் என்பார், பழைய பட்டியல் வைத்திருப்பவர் கிப்லிங்கர் என்பார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எனக்குக் கேட்டால், படம் எடுத்த ஊரில் அந்த வண்டியை எந்தப் பெயரில் விற்றார்களோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். பட்டறையின் பெயர் அடைப்புக்குள் வரட்டும். வாங்கியவர் ஊராரிடம் சொல்லிப் பெருமைப்பட்ட பெயர் விற்றவர் பெயர்தான்.

1908 அக்டோபரில் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 30 அங்குலச் சக்கரம்தான், ஆனால் உடல் தரையிலிருந்து நன்றாக எழும்பி நின்றது. நான்கு சிலிண்டர் முன்னால். சேற்றுப் பாதையில் பக்கிக்கு இணையாகப் போயிற்று. ஆரம்ப விலை 850 டாலர் என்பதால் பக்கிக்காரர்கள் முதலில் கவலைப்படவில்லை. 1912-க்குள் இரண்டு பேர் உட்காரும் மாடல் டி 600 டாலருக்குக் கீழே இறங்கியது. அதோடு பக்கி என்ற சொல்லும் விலை போகாத சரக்காயிற்று. ஐந்து வருடத்துக்கு முன் விவசாயியைத் தைரியப்படுத்திய அதே பெயர் இப்போது பழமை வாசனை அடித்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஆட்டோ பக்கி நின்றது; கூடவே செய்துவந்த சரக்கு வண்டியான ‘ஆட்டோ வேகன்’ மட்டும் 1912 வாக்கில் ‘மோட்டார் டிரக்’ என்று பெயர் மாறிப் பிழைத்தது. சக்கரம் உயரம்தான், பெட்டியும் அதுவேதான். பெயர் மட்டும் புதிது. இருக்கையைக் கழற்றினால் சரக்கு, மாட்டினால் குடும்பம் என்று இரண்டுக்கும் ஓடிய வண்டி, ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. குடும்பத்தை ஏற்றுவதை அமெரிக்க வியாபாரிகள் அன்று ‘பிளெஷர் கார்’ என்றார்கள், சரக்கு வண்டியிலிருந்து பிரித்துச் சொல்ல. அந்தச் சொல் கப்பலேறி நம்மிடமும் வந்தது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் பஸ்ஸும் லாரியும் அல்லாத காருக்குப் ‘பிளசர்’ என்றே பெயர். வயதானவர்கள் வாயில் இன்னும் கேட்கலாம்.

சியர்ஸ் 1912-இல் கார் வியாபாரத்தை மூட்டை கட்டியது. அதற்கு வண்டி செய்து கொடுத்த சிகாகோத் தொழிற்சாலை கொஞ்ச காலம் தன் பெயரிலேயே விற்றுப் பார்த்தது. அதன் பெயர் லிங்கன் மோட்டார் கார் ஒர்க்ஸ். 1917-இல் ஹென்றி லீலண்டு டெட்ராய்டில் தொடங்கி, பின்னால் ஃபோர்டு வாங்கிக்கொண்ட லிங்கனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘1912 லிங்கன்’ என்று சரியாகவே குறித்துவைத்த படத்தில் தண்டு பிடித்த உயரச் சக்கர வண்டியைப் பார்த்துவிட்டு, குறிப்பு தப்பு என்று அடித்து எழுதுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.